அறுத்தலும் அறமாகுமோ?

கொல்லாமை என்னும் முதல் அணுவிரதத்தை மேற்கொண்ட இல்லறத்தார் விலக்க வேண்டிய குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கின்றது. கட்டி அடைத்து வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. இளமையில் மனனம் செய்த இவ்வைந்தும் நம் போன்றோர்க்கு எளிதில் கடைப்பிடிக்கத் தக்கவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஏர்மாடும் வண்டிமாடும் இல்லாத வீட்டில் சுமையேற்றுதல் ஏது? அடிப்பதற்கோ அறுப்பதற்கோ நமக்கு மனம்தான் வருமா?

சென்ற தசலட்சணப் பருவத்தின்போது, முன்னர் என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி என்னைக் காண வந்தாள். இப்பொழுது அவள் சேலத்தில் இல்லறம் நடத்துகின்றாள். அவள் வீட்டில் லாப்ரடார் இனத்து நாய் ஒன்று உண்டு. ஐந்து வயதுதான். எழும்போது முனகுகின்றது, படியேற மறுக்கின்றது. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இடுப்பு மூட்டு சரிவரப் பொருந்தாமல் தேய்ந்துவிட்டது என்றும், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்றும் கூறியிருக்கின்றார்.

"டீச்சர், எங்கள் அத்தை இதற்கு ஒப்பவில்லை. வாயில்லாச் சீவனைக் கத்தியால் அறுப்பது பாவம், அதன் வினையை அது கழிக்கட்டும் என்கிறார். டாக்டர் சொல்வதைக் கேட்பதா, அத்தை சொல்வதைக் கேட்பதா? எது தருமம், நீங்களே சொல்லுங்கள்" என்று வினவினாள்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவளுடைய மாமியார் கூறிய அதே சொற்களை ஒரு காலத்தில் நானும் கூறியிருக்கின்றேன். அச்சொற்களுக்குரிய விலையைக் கொடுத்தது நானன்று, வேறோர் உயிர். அதை எழுத்தில் வடிப்பதற்கு நாணம் தடுக்கின்றது. ஆயினும் நம் சமூகத்து இல்லங்கள் சிலவற்றுக்கேனும் பயன்படும் என்பதனால் எழுதுகின்றேன்.

செம்மநத்தத்தில் நிகழ்ந்தது

பணி ஓய்வுக்குப் பின் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் என்னும் சிற்றூரில் வாழ்ந்து வந்தேன். 2011-ஆம் ஆண்டு, காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி மாதம். எங்கள் தெருவில் எல்லோருடைய சோற்றையும் உண்டு வளர்ந்த மணி என்னும் நாய், வளைவில் திரும்பிய ஜீப்பில் அடிபட்டது. பின்னங்கால்களில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே முறிந்து தொங்கியது. தோல் கிழியவில்லை, குருதியும் பெருகவில்லை.

தோட்டத்துக் காவற்காரர் அதனைச் சாக்கில் ஏந்தி என் திண்ணையில் கிடத்தினார். "டீச்சரம்மா, காலையிலே ஜீப்பு கீழே போகுது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிடலாமே" என்றார்.

நான் மறுத்தேன். "அங்கே போனால் அறுப்பார்கள், ஆணி அடிப்பார்கள். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? அதன் வினை, அது அனுபவித்துத் தீரட்டும். நானே கட்டுப் போடுகிறேன்" என்றேன். ஆசிரியப் பயிற்சியின்போது முதலுதவிப் பாடத்தில் மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டக் கற்றிருந்தேன். பல ஆண்டுகள் மாணவியர்க்கும் அதைக் கற்பித்திருந்தேன். அந்தத் துணிவில், எலும்பு அசையக் கூடாதென்று, சிம்பை வைத்து நன்றாக இறுக்கிக் கட்டினேன். பஞ்ச நமஸ்காரத்தை ஓதிக்கொண்டேதான் கட்டினேன்.

இரண்டு இரவுகள் மணி அலறியது. மூன்றாம் நாள் அமைதியாகிவிட்டது. நோவு தணிந்தது என்று மகிழ்ந்தேன். எட்டாம் நாள் கட்டினின்றும் தீநாற்றம் வீசியது. அதன் பின்னரே காவற்காரரோடு அதனை எடுத்துக்கொண்டு மலையிறங்கி, நாமக்கல் கால்நடை மருத்துவமனைக்குச் சென்றேன்.

கட்டை அவிழ்த்த மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கூறினார்: "அம்மா, முறிவினால் இந்தக் கால் கெடவில்லை, கட்டினால் கெட்டது. அடிபட்ட இடம் வீங்கும். வீங்க இடமில்லாமல் இறுக்கியதால் இரத்த ஓட்டம் நின்றுவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் ஒருவேளை மாவுக்கட்டே போதுமானதாக இருந்திருக்கும். இனிக் காலை எடுத்தால்தான் உயிர் தங்கும்."

மூன்றாம் நாள் மணி அமைதியுற்றதன் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. நோவு தணியவில்லை, நோவை உணரும் நரம்புகள் மாண்டிருந்தன. அறுத்தல் பாவம் என்று அஞ்சிய என் கைதான், அறுக்கவே வேண்டாத ஓர் உறுப்பை அறுக்கச் செய்தது.

அறநூல் கூறுவது

அந்நாளிலிருந்து பல நாட்கள் என்னை வருத்திய வினா இது. நான் செய்தது இம்சையா? மணிக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அதன்பால் அன்பே இருந்தது. எண்ணம் தூயதாயின் குற்றமில்லை என்று நம்மவர் பலர் கூறுகின்றனர். அவ்வாறாயின் நான் குற்றமற்றவள் ஆவேனோ?

உயிர்களைத் துன்புறுத்துவது துன்பந்தரும் வினைக்கு வாயிலாகும் என்னும் இடத்திற்கு உரை வகுத்த பூஜ்யபாத சுவாமிகள், தமது சர்வார்த்த சித்தியில் ஓர் உவமை காட்டுகின்றார். முனிவர் ஒருவரின் உடலில் எழுந்த கட்டியை, கருணை மிக்க மருத்துவர் கருவி கொண்டு கீறுகின்றார். முனிவர்க்கு நோவு உண்டாகின்றது. ஆயினும் புறத்தே நோவு விளைந்தது என்ற ஒன்றைக் கொண்டே மருத்துவர்க்குப் பாவ பந்தம் ஏற்படுவதில்லை. கத்தியையும் குருதியையும் மட்டும் கண்டு இம்சை என்று தீர்ப்புரைத்தல் நம் நெறியன்று என்பது இதனால் விளங்கும். உறுப்பை அறுத்தல் என்னும் குற்றம், கொடுமையாலும் தன்னலத்தாலும் அறுப்பதைக் குறிக்கின்றதே அன்றி, உயிரைக் காக்கும் பொருட்டுச் செய்யும் சிகிச்சையைக் குறிப்பதன்று.

இதனை மட்டும் படித்து நிறுத்தினால் என் போன்றோர்க்கு ஆறுதல் கிட்டும். ஆனால் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் சூத்திரம் வேறொன்றையும் வைத்துள்ளது. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்ப்பொறிகளுக்கு ஊறு விளைத்தலே இம்சை. பிரமாதம் என்பது கோபம், பற்று முதலியவற்றுக்கு ஆட்பட்ட நிலையை மட்டும் குறிப்பதன்று. விழிப்பின்மையும் சோர்வும் அதனுள் அடங்கும். அம்மருத்துவர் கருணையோடு தம் தொழிலையும் அறிந்தவர், விழிப்போடு கீறியவர். என்னிடம் கருணை இருந்தது, விழிப்பு இல்லை. ஒரு நாளேனும் கட்டை அவிழ்த்துப் பார்த்தேனில்லை. பாதம் சில்லிட்டிருக்கின்றதா என்று தொட்டுப் பார்த்தேனில்லை. அறிந்தவரைக் கேட்கவும் இல்லை. அதற்கு நான் சூட்டிய பெயர் அகிம்சை. உண்மையில் மலையிறங்கும் அலைச்சலுக்கு அஞ்சிய சோம்பலும் அதனுள் கலந்திருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன்.

வினையைக் காரணம் காட்டுதலும் அத்தகையதே. மணி அடிபட்டது அதன் முன்வினையாக இருக்கலாம். ஆனால் அதனைத் திண்ணையில் கிடத்தியபின் நான் செய்ததும் செய்யாததும் என் வினை. நம் காய்ச்சலுக்கு மருந்து உண்ணும்போது வினையைப் பற்றி நாம் பேசுவதில்லை. வாயில்லா உயிரின் நோவுக்கு மட்டும் அதை எடுத்துரைப்பது நேர்மையாகாது.

சிகிச்சை வகைகள்

அறிந்து செய்வதே அறமாயின், அறிய வேண்டியவற்றைச் சிறிது கூற வேண்டும். நாய்களின் எலும்பு, மூட்டு நோய்களுக்கு இன்று செய்யப்படும் சிகிச்சைகள் பலவாகும்.

எலும்பு முறிவு ஒன்று. முழங்காலுக்குக் கீழே நேரிய முறிவாயின் மாவுக்கட்டு போதுமானதாகலாம். குட்டிகளுக்கு எலும்பு விரைவில் கூடும். தொடையெலும்பு முறிந்தால் கட்டு உதவாது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டையும் அசையாது நிறுத்தினாலன்றி எலும்பு கூடாது. இடுப்பு மூட்டை அவ்வாறு கட்டி நிறுத்தல் அரிது. அங்கே எலும்பினுள் ஆணி செலுத்தியோ, தகடும் திருகாணியும் பொருத்தியோ இணைக்கின்றனர்.

முழங்கால் மூட்டினுள் உள்ள குறுக்கு நாண் அறுதல் மற்றொன்று. பெரிய நாய்கள் பின்னங்காலைத் தூக்கி நொண்டுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். உறுதியான இழையால் மூட்டை வெளிப்புறமாகக் கட்டி நிறுத்துவது ஒரு முறை. கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை அறுத்து, அதன் சாய்வைத் திருப்பித் தகடு பொருத்துவது மற்றொரு முறை. பின்னதை வகுத்தவர் பார்க்லே ஸ்லோக்கம் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர். 1993-இல் அதனை விளக்கி வெளியிட்டார். பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு முழங்காற்சில்லு இடம் பெயர்தல் மிகுதி. அதற்கும் அறுவை முறைகள் உண்டு.

இடுப்பு மூட்டுப் பொருந்தாமை மூன்றாவது. என் மாணவியின் நாய்க்கு வந்திருப்பது இதுவே. பரம்பரையும், வளரும் பருவத்தில் மிகுந்த உணவும் உடற்பருமனும் இதற்குக் காரணங்கள். தொடையெலும்பின் பந்து போன்ற தலைப்பகுதியை நீக்கிவிட்டால், சுற்றியுள்ள தசையும் நாரும் ஒரு பொய்ம்மூட்டை உண்டாக்கிக்கொள்ளும். எடை குறைந்த நாய்களுக்கு இது நற்பயன் தரும். உலோகத்தாலும் உயர்தர நெகிழியாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துவது மற்றொரு வழி. அதற்குத் தேர்ந்த கை வேண்டும், செலவும் பெரிது.

இறுதியாக, காலையே நீக்குதல். நாய் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களில் தாங்குகின்றது. ஆதலின் பின்னங்கால் ஒன்றை இழந்தாலும் பெரும்பாலும் நன்றாகவே நடமாடும். மணி மூன்றாம் நாள் எழுந்து நின்றது. இரண்டு வாரத்தில் காப்பிக் களத்தைச் சுற்றி ஓடிற்று. இழந்த காலை எண்ணி அது வருந்தியதாகத் தோன்றவில்லை. வருந்தியவள் நான் ஒருத்திதான். 2018-இல் முதுமையால் இறக்கும்வரை அது மூன்று காலோடு வாழ்ந்தது.

இவற்றுள் எதனைச் செய்தாலும், ஐந்து குற்றங்களுள் மூன்று புறத்தோற்றத்தில் நிகழவே செய்யும் என்பதைக் காண்க. அறுத்தல் வெளிப்படை. மயக்க மருந்து தருமுன் உணவை நிறுத்துகின்றோம். எலும்பு கூடும்வரை, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள், ஓடவும் தாவவும் விடாது அடைத்து வைக்கின்றோம். செயல் ஒன்றே, அதன் அறம் மட்டும் மனத்தாலும் விழிப்பாலும் வேறுபடுகின்றது.

இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றற்கு நான்கில் ஒரு பங்கு உணவைக் குறைத்து, வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தனர். 2002-இல் வெளியான அதன் முடிவில், குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குக் குறைவாகவும் காலந்தாழ்ந்தும் வந்தது. அன்பு மிகுந்து நாம் ஊட்டும் நெய்ச்சோறும் பிஸ்கோத்தும் நாயின் மூட்டுகளுக்கு அளவு மீறிய சுமையாகின்றன. வண்டியில் பூட்டாமலேயே சுமையேற்றும் குற்றத்தைச் செய்துவிடுகின்றோம்.

காலமும் பொருளும்

விழிப்பின்மையின் முதல் அடையாளம் காலத்தாழ்வு. இது எளியோர்க்கு மட்டும் நேர்வதன்று. தொழிலதிபர் ரத்தன் டாடா, தம் நாய் ஒன்றின் மூட்டுச் சிகிச்சைக்காக அதனை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திற்கு விமானத்தில் அனுப்பினார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. மூட்டை மாற்ற இயலாமல், ஒரே நிலையில் அசையாதவாறு பொருத்திவிட்டனர். இதனை அவரே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். அங்கே கண்ட வசதி நம் நாட்டிலும் வேண்டும் என்று அவர் விரும்பியதன் பயனாக, 165 கோடி ரூபாய்ச் செலவில் டாடா அறக்கட்டளையின் சிறு விலங்கு மருத்துவமனை 2024 ஜூலையில் மும்பையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் மறைந்தார்.

எல்லோர்க்கும் அத்தகைய பொருள்வளம் இல்லை. ஒரு நாயின் மூட்டுக்கு இலட்சம் செலவிடும்போது, அதே பொருளால் பல உயிர்களின் பசியைத் தீர்க்கலாமே என்ற வினா எழுவதும் இயல்பு. என் கருத்து இது. நம் மனைக்குள் கொணர்ந்து, நம்மை நம்பி வாழச் செய்த உயிர்க்கு நம் கடமை முற்பட்டது. ஆயினும் விலை மிகுந்த சிகிச்சையே உயர்ந்த கருணை என்பதில்லை. எடை குறைத்தல், மருத்துவர் தரும் நோவு நீக்கும் மருந்து, வழுக்காத தரை, அளவான நடை ஆகியவற்றால் பல நாய்கள் நலமாக வாழ்கின்றன. நாம் உண்ணும் வலி மாத்திரையை மட்டும் நாய்க்குத் தந்துவிடக் கூடாது. அவற்றுள் சில அதற்கு நஞ்சாகும். தமிழ்நாட்டில் 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1985-இல் தோன்றிய நாமக்கல் கல்லூரியிலும் மருத்துவமனைகள் உள்ளன என்பதைச் செல்வம் குறைந்தோர் நினைவிற்கொள்க.

இங்கே வேறொன்றையும் கூற வேண்டும். துன்புறும் நாயை ஊசியிட்டு முடித்துவிடுவதே கருணை என்போர் உளர். குணப்படுத்தவியலாத நோயுற்ற தெரு நாய்களுக்கு, மருத்துவர் முடிவின்படி அதனைச் செய்ய 2023-ஆம் ஆண்டின் அரசு விதிகளும் இடந்தருகின்றன. நம் நெறியில் சல்லேகனை உண்டு. ஆனால் அது ஓர் உயிர் தானே உணர்ந்து மேற்கொள்வது; பிறிதோர் உயிர்க்காக நாம் ஏற்க இயலாதது. மூட்டு நோய் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நோயன்று. கவனிக்க நேரமில்லாமையை இரக்கம் என்று அழைக்காதிருப்போமாக. 1832-இல் பம்பாயில் தெரு நாய்களைக் கொன்றபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இரண்டாண்டில், பார்சி வணிகர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் மோதிசந்த் அமிசந்தும் அங்கே பாஞ்சராப்போல் என்னும் புகலிடத்தை நிறுவினர். அபயதானத்தில் நம் முன்னோர் முன்னின்றனர். அதனோடு ஒளடத தானத்தையும் இணைப்பது நம் காலத்தின் கடமை.

மாணவிக்கு அளித்த விடை

என் மாணவிக்குச் சில நாட்கள் கழித்து மடல் எழுதினேன். அறுவை பாவம் என்றோ, அறுவையே வேண்டும் என்றோ நான் எழுதவில்லை. நான்கு வினாக்களை மட்டும் வைத்தேன். இச்சிகிச்சையால் நாய் பெறும் நன்மை யாது? அதனினும் மெல்லிய வழி உண்டா? அடுத்த இரண்டு மாதங்கள் அதன் அருகிருந்து பேண வீட்டில் ஆள் உண்டா? ஒத்திப்போடுவது நாயின் நன்மைக்கா, நம் வசதிக்கா? இவற்றுக்கு மருத்துவரிடமும் மனச்சான்றிடமும் விடை பெற்றபின் எந்த வழியை மேற்கொண்டாலும் அது அறமே என்று முடித்தேன். மணியின் கதையையும் மறைக்காமல் எழுதினேன். அத்தைக்கும் படித்துக் காட்டச் சொன்னேன்.

சீவக சிந்தாமணியில், அந்தணரால் அடியுண்டு உயிர் நீங்கும் நாய்க்குச் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதுகின்றான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து அவனுக்கு நண்பனாகின்றது. சிறுமியாயிருந்தபோது கேட்ட அக்கதையை நெஞ்சில் வைத்தே நானும் மணியின் காதில் மந்திரம் ஓதினேன். சீவகன் ஓதியது, காக்க வேறு வழியில்லாத இறுதி வேளையில். நான் ஓதியதோ, காக்க வழியிருந்த வேளையில். அந்த வேறுபாட்டை அறிய எனக்கு ஒரு நாயின் கால் தேவைப்பட்டது.

மாணவியின் மறுமொழி அண்மையில் வந்தது. மருத்துவரின் அறிவுரைப்படி மூன்று மாதங்கள் எடையைக் குறைத்து, மருந்து கொடுத்துப் பார்த்து, நோவு நீங்காவிடின் அறுவைச் சிகிச்சை என்று முடிவு செய்திருக்கின்றார்களாம். நாய்க்கு நாள்தோறும் உணவை அளந்து வைப்பவர் அவளுடைய அத்தைதானாம். ஒவ்வொரு மாலையும் அதன் பின்னங்கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டே அவர் விளக்கேற்றுகின்றாராம்.

வாழ்க அறம்! வளர்க உயிரிரக்கம்!